பஸ் இறங்கி நடப்போம் – 7: காலிங்கராயன் கரையோடு

சென்ற வாரம் கல்லணையில் தொடங்கிப் புதாற்றுக் கரையில் நடந்ததைப் படித்துவிட்டு, ‘காரில் போய் இறங்கி நடந்தால் ஆகாதா?’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆகும். ஆனால் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். வாய்க்காலோ ஓரிடத்தில் புறப்பட்டு வேறோரிடத்துக்குப் போவது. அதன் கூடவே போகிறவருக்கு பஸ்தான் தோது. ஒரு நிறுத்தத்தில் இறங்கலாம், கால் ஓய்ந்த இடத்தில் இன்னொரு நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம்.

இதற்கென்றே வெட்டியதுபோல ஒரு வாய்க்கால் ஈரோட்டுப் பக்கம் இருக்கிறது. பவானியில் பிறந்து, ஈரோட்டைத் தொட்டு, கொடுமுடியைத் தாண்டிப் போகிறது காலிங்கராயன் வாய்க்கால். காவிரியும் அதே திசையில்தான் போகிறது. ஈரோடு – கரூர் சாலையும் ரயில் பாதையும் அப்படியே. எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் ரோட்டுக்கு வழி சொல்லிவிடுவார். வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

ஈரோட்டிலிருந்து பவானிக்கு டவுன் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பவானி ஊருக்குள் போகாமல், ஆற்றுக்கு இப்புறம் காலிங்கராயன்பாளையத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். பவானி ஆறு கூடுதுறையில் காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்னால், அதன் குறுக்கே ஓர் அணைக்கட்டு படுத்திருக்கிறது. மேட்டூரைப் பார்த்த கண்ணுக்கு இது அணையாகவே படாது. தண்ணீரைத் தேக்கி வைப்பது இதன் வேலையல்ல. மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டில் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தலைமேல் வழியவிடுவதோடு இதன் வேலை முடிந்தது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொங்கு நாட்டை நிர்வகித்த காலிங்கராயன் கட்டியது. 1283இல் முடிந்தது என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அவருக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் தை 5ஆம் நாள் உழவர்கள் கூடிக் கொண்டாடுகிறார்கள்.

இனி நடை. பவானியிலிருந்து ஈரோடு வழியாகக் கொடுமுடிக்குச் சாலையில் போனால் அறுபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வாய்க்காலின் நீளமோ ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஏன் இத்தனை வளைவு? பாம்பு ஒன்று வழிகாட்டிக்கொண்டு முன்னே போக, அதன் தடத்திலேயே காலிங்கராயன் வெட்டினார் என்பது ஊரில் சொல்லும் கதை. எனக்கு அந்தக் கதை பிடிக்கும், ஆனால் கரையில் அரை மணி நேரம் நடந்தாலே பாம்பின் கணக்கு புரிந்துவிடும். நிலத்தின் மேட்டுச் சரிவில் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு, துளித்துளியாக இறங்கிக்கொண்டே போகிறது வாய்க்கால். ஓடையோ பள்ளமோ எதிர்ப்பட்டால் மேட்டுப் பக்கமாக ஒதுங்கிச் சுற்றி வருகிறது. நேராக வெட்டியிருந்தால் தண்ணீர் சீக்கிரம் கீழே போய்ச் சேர்ந்திருக்கும், பாய்ந்த நிலம் குறைந்திருக்கும். இன்றும் 15,000 ஏக்கருக்கு மேல் இதில் பாய்கிறது.

தண்ணீர் போகும் திசையில் நடப்பவருக்கு இடக்கைப் பக்கம் காவிரி இருக்கும். வாய்க்காலின் மடைகள் திறப்பது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். நெல், வாழை, கரும்பு, மஞ்சள் எல்லாம் கண்ணுக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும். வலக்கைப் பக்கம் நிலம் ஏறும். அந்தக் காலத்தில் அது மழையை நம்பிய மேட்டுக்காடு. கொங்குக்காரர் வாயில் ‘வயல்’ ஒரு பக்கம், ‘காடு’ ஒரு பக்கம். நடுவில் நாம் நடக்கும் கரை. இப்போது இந்தக் கோடு முன்போல அழுத்தமாக இல்லை. 1950களில் பவானிசாகர் அணை வந்தது, கீழ்பவானி வாய்க்கால் வந்தது, மேட்டுக்காட்டிலும் தண்ணீர் பாய்ந்தது. அங்கே பாய்ந்ததன் கசிவுநீர் பள்ளங்கள் வழியாக இறங்கி வந்து காலிங்கராயனில் விழுகிறது. கீழ்பவானிக்குக் கான்கிரீட் பூச வேண்டுமா, கூடாதா என்று ஈரோடு மாவட்டமே இரண்டு பட்டு நின்றதே, அந்தச் சண்டையின் பாதி இந்தக் கசிவுநீரைப் பற்றியதுதான். செய்தித்தாளில் படித்தபோது எனக்கு விளங்காத விஷயம் இந்தக் கரையில் விளங்கியது.

கரையில் ஜீப் போகும் அளவுக்குத் தடம் பல இடங்களில் உண்டு. எல்லா இடத்திலும் இல்லை. தடம் முடிந்து தோட்டத்துக்குள் போக வேண்டி வந்தால் ஆளைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போவது மரியாதை, நாய்க்கும் நமக்கும் நல்லது. கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. ஆனால் நம்மைப் பற்றிய சந்தேகம் மட்டும் அவர்களுக்குத் தீராது. களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “ஏனுங் தம்பி, பஸ்ஸுதான் போகுதுங்களே, அப்புறம் எதுக்குங்க நடக்கறீங்க?”

“சும்மா பாக்கலாம்னு வந்தனுங்க.”

“பாக்கறதுக்கு இங்கென்ன இருக்குது?” என்று சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார். வழிகாட்டிப் பலகை வைத்து, நடைபாதை போட்டு, வரைபடம் விற்கும் நாடுகளில் இந்தக் கேள்வி எழாது. அதற்காக இங்கே பலகை வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பலகை வந்தால் கூடவே டிக்கெட் கவுண்டரும் வந்துவிடும்.

ஈரோட்டை நெருங்கும்போது நடையை நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிடுங்கள் என்பது என் யோசனை. பெரிய அக்ரஹாரம், கருங்கல்பாளையம் வட்டாரத்தில் தோல் ஷாப்புகளும் சாயப் பட்டறைகளும் சேர்ந்து வாய்க்காலைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. கழிவு நல்ல தண்ணீரில் கலக்காமலிருக்க, பக்கத்திலேயே ‘பேபி கால்வாய்’ என்று இன்னொன்று கட்டினார்கள். எழுநூறு ஆண்டுக்கு முன் பாசனத்துக்கு ஒரு வாய்க்கால், நம் காலத்தில் அதைக் காப்பாற்ற இன்னொரு வாய்க்கால். பிடிவாதமாக இந்த ஊர்வழியே நடப்பவர்கள் கருங்கல்பாளையத்து நூலகத்தை விசாரித்துப் பார்த்துவிட்டுப் போகலாம். 1921 ஜூலை இறுதியில் பாரதி அங்கேதான் மனிதனுக்கு மரணமில்லை என்று பேசினார், செப்டம்பரில் காலமானார்.

ஈரோட்டுக்குத் தெற்கே மறுபடி நல்ல நடை. பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி என்று வரிசையாக ஊர்கள், ஒவ்வொன்றிலும் சின்ன ரயில் நிலையமும் உண்டு. கரூர் பஸ்ஸில் ஏறும்போதே நடத்துனரிடம் எந்த ஊரில் நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விரைவு என்று பலகை மாட்டியவை சின்ன நிறுத்தங்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. டவுன் பஸ் மெல்லப் போனாலும் அதுவே மேல். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலை பஸ்ஸில் தூக்குப்போசியோடு ஏறும் பெண்கள் பலர் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். எங்கே நடவு, எந்தத் தோட்டத்தில் மஞ்சள் வெட்டு என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டால், அன்றைக்கு எந்த ஊரில் இறங்கலாம் என்பது முடிவாகிவிடும்.

மஞ்சள் வெட்டு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. தை, மாசியில் போவதுதான் உத்தமம். கிழங்கைத் தோண்டி, வேகவைத்து, களத்தில் காயப்போடும் காலம் அது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் இங்கே சாக்குப் படுதாவில் காலடியில் கிடக்கும். வெயிலும் தாங்கும்படி இருக்கும். எந்தக் காலமானாலும் செருப்பைவிட ஷூ நல்லது. வாய்க்காலில் இறங்கிக் குளிக்கும் ஆசை வந்தால், ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும். மதகுப் பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே தண்ணீர் உள்ளே இழுக்கும்.

காலிங்கராயனைப் பற்றி இன்னொரு கதையும் சொல்கிறார்கள். தன் குடும்பத்துக்காகத்தான் வெட்டிக்கொண்டான் என்ற பேச்சு வரக் கூடாதென்று, தானும் தன் வழியினரும் இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை எனச் சபதம் செய்துவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோய்விட்டாராம். கல்வெட்டில் தேடினால் கிடைக்குமோ என்னவோ, கரையில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும்.

கொடுமுடியில் மகுடேசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு, காவிரியில் கால் நனைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர். அதற்காகவும் கொஞ்ச நேரம் சுற்றலாம். கால் இன்னும் கேட்டால் ஆவுடையார்பாறை வரை போங்கள். வாய்க்கால் அங்கே கடைமடைக்கு வந்துவிடுகிறது, எஞ்சிய நீர் நொய்யலுக்குப் போகிறது. தலைப்பில் கரை முட்ட ஓடியது இங்கே முழங்கால் மட்டம்கூட இல்லாமல் வரலாம். மேலே எத்தனை மடை திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கொடுமுடியிலிருந்து ஈரோட்டுக்கும் கரூருக்கும் பொழுது சாய்ந்த பிறகும் பஸ் உண்டு. ஆவுடையார்பாறைப் பக்கத்திலிருந்து திரும்புகிறவர்கள் மட்டும் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே டீக்கடையில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் பவானியின் மேல்கைக்குப் போகிறோம்: கோபிச்செட்டிபாளையத்தில் பஸ் மாறி கொடிவேரி, அங்கிருந்து தடப்பள்ளி வாய்க்கால்.