சாட்சி: சபையிலும் நீதிமன்றத்திலும்

‘சாட்சி’ என்ற சொல்லைத் தமிழில் இரண்டு இடங்களில் அதிகம் கேட்கிறோம். ஒன்று நீதிமன்றம், இன்னொன்று சபை. தலித் கிறித்தவரின் வாழ்க்கையில் இந்த இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துச் சிறு சபைகளில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி நேரம் உண்டு. எழுந்து நிற்பவர் தோத்திரம் சொல்லித் தொடங்குவார். குடி, கடன், தீராத நோய். பிறகு யாரோ வந்து ஜெபித்தது, ஞானஸ்நானம் எடுத்தது, விடுதலை. நாம் கேட்டவரையில் இந்த வரிசை அதிகம் மாறுவதில்லை. இதில் சாதி அரிதாகவே வருகிறது. இரட்சிக்கப்பட்டவருக்குச் சாதி ஏது என்ற நல்லெண்ணமே பெரும்பாலும் அதற்குக் காரணம். அதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியான ஒரு பெண் மைக்கைப் பிடித்துத் தன் கதையைத் தானே சொல்லவும் நாற்பது பேர் காதுகொடுத்துக் கேட்கவும் வேறு எந்த இடம் இருக்கிறது?

ஆனால் இந்த மண்ணின் மதமாற்றக் கதை இப்படித் தொடங்கவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவிடம் வந்த பறையர்கள் நிலத்தைப் பற்றியும் பண்ணையடிமைத்தனத்தைப் பற்றியும் பேசினார்கள். அவர் உருவாக்கிய மெல்ரோசாபுரம் குடியிருப்பு இன்றும் மறைமலைநகர் அருகே இருக்கிறது. கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அக்கால மிஷனரிகள் பலருக்கு இதில் சங்கடம்: நிலம் கேட்டு வருபவனின் விசுவாசம் உண்மையானதா? உடம்பின் பசி வேறு, ஆத்துமாவின் பசி வேறு என்று பிரித்த அந்தச் சந்தேகம்தான் இன்றைய சாட்சியிலிருந்தும் சேரியை வெளியே நிறுத்துகிறது என்பது எங்கள் கருத்து. அதே நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இறந்தவர்கள் இருவர்: ஜான் தாமஸ், ஏழுமலை.

அந்தச் சந்தேகத்தைச் சட்டமும் எடுத்துக்கொண்டது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் நீதிமன்றம் சொன்னது கவனிக்க வேண்டியது: மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்றால் போதாது, அதன் கொடுமை புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும்.

யார் காட்டுவது? சபையில் ஒலிக்கும் சாட்சியில் அது இல்லை. 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ காட்டியது. 2008இல் தனிப்பங்கு கேட்டு எறையூர் தலித் கத்தோலிக்கர்கள் காட்டினார்கள். அங்கேயும் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போயிற்று.

இன்னொரு பக்கம், சொல்லும் சாட்சியே சொன்னவருக்கு எதிராகத் திரும்புகிறது. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவர் ஞானஸ்நானம் பெற்றதும் தேவாலயத்துக்குப் போய்வந்ததும் முக்கிய ஆதாரங்களாயின. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று புகார் தந்த ஒரு போதகருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. திட்டியவர்களுக்கு அவர் சாதி மறக்கவில்லை, சட்டம்தான் மறந்துவிட்டது.

மதம் மாறிய தலித்துகள் குறித்து ஆராய பாலகிருஷ்ணன் ஆணையத்தை ஒன்றிய அரசு 2022இல் அமைத்தது. அப்படிப்பட்ட ஆணையங்களுக்குத் தேவை, சபையில் விட்டுப்போகும் பாதிக் கதைதான்: எந்தக் கல்லறையில் இடம் மறுத்தார்கள், வாடகைக்கு வீடு கேட்டபோது முதலில் என்ன விசாரித்தார்கள். மாணவத் தோழர்கள் இவற்றைக் கேட்டு எழுதுங்கள். சொன்னவரின் பெயரையும் சபையின் பெயரையும் எழுதாதீர்கள், வீடியோ எடுத்து யூடியூபில் போடாதீர்கள். அவர் பிள்ளையின் சான்றிதழ் அப்போது தாலுகா அலுவலகத்தில் காத்திருக்கக்கூடும்.