ஒரு ‘மியாவ்’ எவ்வளவு பாஸ்?

பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது... ஆனாலும் ஒரு பூனையை ‘வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிடலாம்’னு பேசினாங்க, தெரியுமா? வேற எங்கேயும் இல்லை, நம்ம சென்னைத் துறைமுகத்துலதான்! 2020 பிப்ரவரி. சீனாவில் இருந்து பொம்மைகளோடு வந்த ஒரு கன்டெய்னரைத் திறந்தா, உள்ளே உயிரோட ஒரு பூனை. கொரோனா பயம் ஊருக்குள்ள மெதுவா நுழைஞ்சுக்கிட்டு இருந்த நேரம். சும்மா இருப்பாங்களா அதிகாரிகள்? பிடிச்சுக் கூண்டில் போட்டுட்டாங்க.

பீட்டா இந்தியா அமைப்பு நடுவில் புகுந்து பூனைக்காக வாதாடுச்சு. அத்தனை நாள் சோறு தண்ணி இல்லாம ஒரு பூனை உயிரோட இருக்க முடியாது, வழியில் ஏதாவது ஒரு துறைமுகத்தில்தான் ஏறியிருக்கணும்ங்கிறது அவங்க கட்சி. கடைசியில் ஏப்ரல் மாசம், லாக்டவுனுக்கு நடுவே, பூனையை அவங்ககிட்டயே ஒப்படைச்சாங்க. சுபம்!

சரி, இப்போ எதுக்கு இந்த ஃப்ளாஷ்பேக்? அந்தப் பூனை பேப்பர்ல வந்துச்சு. அதே துறைமுகத்தின் கேட்டைத் தாண்டி வெளியே வாங்க. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு கடலோரம் முழுக்க மீன் வாசனை எங்கே இருக்கோ அங்கெல்லாம் பூனை. அதுங்களுக்கு நியூஸ் வேல்யூ கிடையாது. எண்ணூர் ஹைரோட்டில் வரிசை கட்டி நிக்கிற கன்டெய்னர் லாரிக்கு அடியில் நிழலுக்குப் படுக்கும். லாரி கிளம்பும்போது எழுந்திரிக்கலைனா, இடுப்பு போச்சு. ஏதோ ஒரு காலேஜ் பையனோ பொண்ணோ கட்டைப் பையில் போட்டுத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. அப்பத்தான் முதல் கேள்வி வரும்: காசு?

இந்தப் பக்கங்களைப் படிக்கிற உங்களில் பல பேருக்கு அந்த நிமிஷம் பழக்கமா இருக்கும். பர்ஸில் 140 ரூபாய். டாக்டர் எக்ஸ்-ரே எடுக்கணும்கிறார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு போட்டோ, கீழே ஜிபே நம்பர், ‘ப்ளீஸ் ஹெல்ப்’. காசு வரும், வராம இருக்காது. நம்ம ஜனங்க அவ்வளவு கல்நெஞ்சக்காரங்க இல்லை. ஆனா அடுத்த மாசம் அடுத்த பூனைக்கு அதே மாதிரி ஒரு போட்டோ போட்டுப் பாருங்க. பாதிகூட தேறாது. மூணாவது தடவை உங்க ஸ்டேட்டஸை ‘ம்யூட்’ பண்ணிடுவாங்க.

ஏன்னா, முதல் தடவை கொடுத்த காசு என்ன ஆச்சுனு யாருமே அவங்களுக்குச் சொல்லலை. பூனை பொழைச்சுதா, செத்துதா? மிச்சம் எவ்வளவு? போட்டோ ஒரு தடவைதான் காசு கொண்டு வரும். அதுக்கப்புறம் கொண்டு வர்றது பில்லுதான்! டாக்டர் சீட்டு, மருந்துக்கடை பில், ஆட்டோ சார்ஜ் உட்பட எல்லாத்தையும் அன்னைக்கு ராத்திரியே குரூப்பில் போட்டுடணும். பூனை செத்துப்போனா அதையும் மறைக்காமச் சொல்லணும். குட்டிப் பூனைங்க நிறையவே செத்துப்போகும், டாக்டர்கிட்ட சரியான நேரத்துக்குக் கொண்டுபோனாக்கூட. சோகச் செய்தி சொன்னா காசு நின்னுடும்னு பயப்படாதீங்க. சொல்லாம விட்டாத்தான் நிக்கும்.

இதைவிட ஈஸியான வழி ஒண்ணு இருக்கு. காசை நீங்க கையிலேயே வாங்காதீங்க! கிளினிக்கின் க்யூஆர் கோடையே போட்டோ எடுத்துப் போட்டு, ‘நேரா இங்கே கட்டுங்க, பூனை பேர் இது, டாக்டர் சொன்ன தொகை இது’னு சொல்லிடுங்க. டாக்டர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுக்கணும், அவ்வளவுதான். தொகை நிறைஞ்சதும் ‘போதும், நிறுத்துங்க’னு நீங்களே அறிவிங்க. போதும்னு சொல்ற ஆளை நம்ம ஊர் உடனே நம்பும்.

அப்புறம் ஆபத்து வந்த பிறகு கையேந்துறது ரொம்பச் சிரமம். வராதப்பவே சேர்க்கிறது புத்திசாலித்தனம். கணக்கு போடுவோமா? உங்க கிளாஸில் 50 பேர். ஆளுக்கு வாரம் 10 ரூபாய், ஒரு டீயைவிடக் கம்மி. வாரத்துக்கு 500. வருஷத்துக்கு 26,000! எல்லா வாரமும் எல்லாரும் கொடுக்க மாட்டாங்கங்கிறது நமக்குத் தெரியாதா என்ன... பாதி வந்தாலும் 13,000. இந்தப் பணம் உங்க சொந்த அக்கவுன்ட்டில், ரீசார்ஜ் காசோடயும் பிரியாணி காசோடயும் கலந்து கிடக்கக் கூடாது. ரெண்டு பேர் பேரில் தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட். ஃபைனல் இயர் முடிச்சுப் போறவங்க ஜூனியருக்குக் கணக்கு நோட்டைக் கொடுத்துட்டுப் போகணும்.

ஒரு சட்டப் பாயின்ட்டும் சொல்லிடறேன். வரிச்சலுகை ரசீது கொடுக்கிற தகுதி அதுக்கான அங்கீகாரம் வாங்கின பதிவு அமைப்புகளுக்கு மட்டும்தான். நீங்க நோட்டைக் கிழிச்சு எழுதிக் கொடுத்தா செல்லாது. அமெரிக்கச் சித்தப்பா டாலரில் அனுப்பறேன்னு சொன்னாரா? அவர்கிட்ட இருக்கிறது இந்தியப் பாஸ்போர்ட்டானு முதல்ல கேளுங்க. அந்த நாட்டுக் குடிமகன் ஆகிட்டவர் கொடுக்கிற நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள்ள வந்துடும். அதுக்குத் தனிப் பதிவு வேணும். சித்தப்பாவை ப்ளூ கிராஸ் மாதிரி ஒரு பெரிய அமைப்புப் பக்கம் கைகாட்டி விட்டுடுங்க, அந்தப் பதிவு இருக்கானு பார்த்துக்கிட்டு.

ப்ளூ கிராஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. அதுவும் முதல்நாளே கட்டடம், ஆம்புலன்ஸ்னு ஆரம்பிக்கலை. கேப்டன் வி.சுந்தரம்னு ஒரு விமானி. அவர் மனைவி உஷாவும் விமானிதான்! தெருவில் தவிச்ச நாய்க்குட்டிகளை 1959-ல் வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு வந்த குடும்பம் அது. ப்ளூ கிராஸ் பொறந்ததும் அந்த வீட்டில்தான்.

அவங்க இருக்கிறது வேளச்சேரிப் பக்கம். எண்ணூரில் அடிபட்ட பூனைக்கு அது அடுத்த ஊர் மாதிரி. வட சென்னைக்காரங்களுக்குக் கைகொடுக்கிற பெரிய இடம் வேப்பேரி, சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல் ஆரம்பிச்சது. கல்லூரியோட சேர்ந்த ஆஸ்பத்திரிங்கிறதால தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைவு. காலையிலேயே போய் வரிசையில் நிக்கணும், அது ஒண்ணுதான். துண்டு போட்டு மூடின கூடையில் கொண்டுபோங்க. தோளில் போட்டுக்கிட்டுப் போனா, அங்கே வரிசையில் நிக்கிற ராட்வீலரைப் பார்த்ததும் பூனை உங்க முகத்தில் வரைபடம் போட்டுடும்.

சிரிக்காதீங்க, இது சீரியஸ். கடிச்சாலும் கீறினாலும் உடனே ஓடுற தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். அன்னைக்கே ஸ்டான்லிக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ போகணும், ரேபிஸ் தடுப்பூசிக்கு. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ‘பூனைதானே’னு விட்டா, ரேபிஸ் வந்த பிறகு மருந்து கிடையாது. பூனைக்குக் காசு சேர்க்கிற குரூப்பின் முதல் விதியே இதுவாத்தான் இருக்கணும்.

சேர்த்த காசு எங்கே வீணாகுதுனு பார்த்தா, பாதி நம்ம அவசரத்தாலதான். ஒரு மூலையில் மூணு குட்டி கத்துது. ‘ஐயோ, அநாதை!’னு தூக்கிட்டு வந்துடறோம். அம்மாப் பூனை காசிமேட்டுக்கு மீன் தலை தேடிப் போயிருக்கும், பாவம். குட்டிங்க சுத்தமா, கொழுகொழுனு இருந்தா தூரத்தில் நின்னு சில மணிநேரம் பாருங்க. அம்மா வரவே இல்லைனாத்தான் தூக்கணும். தூக்கினா சும்மா இல்லை... பொறந்த குட்டிக்கு ரெண்டு மூணு மணிக்கு ஒருதரம் பால். செமஸ்டருக்கே கண் விழிக்காத நம்ம பசங்க ராத்திரி 3 மணிக்கு அலாரம் வெச்சு எழுந்திரிக்கணும். பசும்பால் ஊத்தினா பேதியாகும். குட்டிகளுக்குனு தனிப் பால் பவுடர் இருக்கு. பால் கொடுத்த பிறகு ஈரப் பஞ்சால் அடிவயித்தைத் தடவிவிடணும், இல்லைனா ஒண்ணுக்குக்கூடப் போகத் தெரியாது அதுக்கு. உடம்பு சில்லுனு இருக்கிற குட்டிக்கு முதல்ல கதகதப்பு, அப்புறம்தான் பால்.

காய்ச்சல்னு நினைச்சு நம்ம வீட்டு பாராசிட்டமால் மாத்திரையை உடைச்சுக் கொடுக்கிறவங்களும் இருக்காங்க. பூனைக்கு அது விஷம். ஒரே ஒரு மாத்திரை போதும், உயிரை எடுத்துடும். அதேமாதிரி, எண்ணெய்யில் விழுந்த பூனையை மண்ணெண்ணெய், தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது. எண்ணூர்க்காரங்களுக்கு 2023 டிசம்பர் மறந்திருக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்தில் இருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆறு, கழிமுகம், வீட்டுச் சுவர்னு எல்லாத்தையும் கறுப்பாக்குச்சே! எண்ணெய் அப்பின கூழைக்கடா போட்டோக்கள் எல்லாப் பேப்பரிலும் வந்துச்சு. பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பண்ற ஜீவன். உடம்பில் பட்டது எல்லாம் வயித்துக்குள்ள போகும். பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம், வெதுவெதுப்பான தண்ணி, உடனே டாக்டர். இவ்வளவுதான் வழி.

இனி கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருவோம். எஃப்.ஐ.பி.னு ஒரு நோய். பூனைக்கு வர்ற ஒருவகைக் கொரோனா வைரஸ் உடம்புக்குள்ள மாறி, குட்டிகளின் வயிறு நீர் கோத்து வீங்கிடும். மனுஷக் கொரோனா இல்லை இது, நமக்கு ஒட்டாது. வந்தா சாவுதான்னு இருந்தது. கலிஃபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சனும் அவர் குழுவும் ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 25 பூனைகள் பொழைச்சிருக்குனு 2019-ல் வெளியிட்டாங்க. அட்டகாசம்! ஆனா மருந்தை 84 நாள், ஒருநாள்கூட விடாமக் கொடுக்கணும். பூனை எடை ஏற ஏற டோஸும் ஏறும், செலவும் ஏறும். 40-வது நாள் காசு தீர்ந்துபோச்சுனு நிறுத்தினா, நோய் திரும்ப வரலாம்.

இங்கேதான் குரூப் உடையும். ‘இந்த ஒரு குட்டியைக் காப்பாத்தியே ஆகணும்’னு ஒரு கோஷ்டி. ‘அதே காசில் எத்தனை பூனைக்குக் கருத்தடை பண்ணலாம்’னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரும் தப்பானவங்க இல்லை. என் ஓட்டு இதுதான்: பொது உண்டியலில் கை வைக்காதீங்க. அந்தக் குட்டிக்குத் தனியா கேளுங்க, 84 நாளுக்கும் ஆகுற முழுத் தொகையைச் சொல்லியே கேளுங்க. வாக்குறுதியாவது கையில் வந்த பிறகு மருந்தை ஆரம்பிங்க. டாக்டர்கிட்ட, ‘பொழைக்க எவ்வளவு வாய்ப்பு? பொழைக்காதுனா வலியில்லாமப் போக விடறது மேலா?’னு கேட்கிறதும் கொடுமை இல்லை.

பொது உண்டியல் பெரும்பாலும் கருத்தடைக்குத்தான் போகணும். பெண் பூனை நாலஞ்சு மாசத்திலேயே சினை பிடிக்கும். ஒன்பது வாரத்தில் குட்டி. குட்டிக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருக்கும்போதே அடுத்த சினை! குளிர் தேசத்தில் பனிக்காலத்தில் பூனைக்கு லீவு உண்டு. நம்ம ஊர் வெயிலுக்கு வருஷம் முழுக்க சீசன்தான். மாநகராட்சியின் கருத்தடைனாலே எல்லாருக்கும் தெருநாய்தான் ஞாபகம் வருது, பூனையை யாரும் எண்ணிக்கையில்கூடச் சேர்க்கிறதில்லை.

எப்போ ஆரம்பிக்கலாம்னு கேட்டா, ஏப்ரலுக்கு முன்னாடி. ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகு எல்லாம் கரையில் நிக்கும். ஃபைபர் படகு கொண்டு வர்ற மீன் மனுஷங்களுக்கே பத்தாது, பூனைக்கு எங்கே மிஞ்சும்? பட்டினி கிடக்கிற பூனைக்கு நோயும் சீக்கிரம் ஒட்டும். ஆனா அப்போ உங்களுக்கு செமஸ்டர், அப்புறம் லீவு. பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிடுவீங்க. ஜனவரியில் உண்டியல் வெச்சா, மார்ச்சுக்குள்ள நாலஞ்சு பெண் பூனைக்காவது ஆபரேஷன் முடிச்சு, பிடிச்ச இடத்திலேயே கொண்டுபோய் விட்டுடலாம். வேற ஏரியாவில் விடாதீங்க, அங்கே இருக்கிற பூனைங்க உள்ளே விடாது. மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. அடுத்த வருஷம் உங்க ஜூனியர்ஸ் கூடையோட வந்து, அதே பூனையை மறுபடியும் வேப்பேரிக்குத் தூக்கிட்டு ஓடாம இருக்க அந்த அடையாளம் வேணும்.