ட்ரோன் பைலட் பட்டியல்: எக்செல் தாளிலிருந்து இணையத்திற்கு

மழைக்காலம் நெருங்கினாலே கிடங்கு வைத்திருக்கும் வணிகர்களுக்கு ஒரு கவலை வந்துவிடும். கூரை ஒழுகுமா, தாங்குமா? அரிசியோ, சர்க்கரையோ, பஞ்சோ, ஓர் இரவு நனைந்தால் போதும். ஓராண்டு லாபம் கரைந்து போகும். ஆகவே யாராவது ஒரு கூலியாளை மேலே ஏற்றிப் பார்க்கச் சொல்கிறோம். நாள்பட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆள் பாரம் தாங்காது. எந்த இடம் நைந்திருக்கிறது என்பது கால் வைத்த பிறகுதான் தெரிகிறது. இருபதடி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தவரின் குடும்பத்துக்கு எந்த லாபக் கணக்கும் ஆறுதல் தராது.

இந்த அபாயத்தைத் தவிர்க்க இன்று வழி இருக்கிறது. கேமரா பொருத்திய ட்ரோன் கூரைக்கு மேல் பறந்து விரிசல், துருப்பிடித்த ஆணி, அடைபட்ட மழைநீர்க் கால்வாய் ஆகியவற்றைப் படம் பிடித்துத் தந்துவிடும். கடை மாடியில் சோலார் தகடு போட்டவர்களுக்கு வெப்பக் கேமரா உள்ள ட்ரோன் இன்னும் பயன்படும். நல்ல வெயில் வேளையில் பறந்தால், பழுதான தகடு மற்றவற்றைவிடச் சூடாக இருப்பதைப் படத்திலேயே காட்டிவிடும். ஆலைப் புகைபோக்கி, செல்போன் கோபுரம், உயர்ந்த தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் நம்பி வேலையைக் கொடுக்கத் தகுந்தவர் யார், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதுதான் தெரிவதில்லை. கைக்குக் கை, வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் எக்செல் பட்டியல்களில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும்; வேறு விவரம் இராது. இத்தகைய பட்டியலை ஒழுங்குபடுத்தி இணையத்தில் ஏற்றி, உறுப்பினர்கள் தேடிப் பார்க்கும் வண்ணம் செய்வது ஒரு வணிகர் சங்கத்தால் முடியாத காரியமல்ல. அதைச் செய்யும் முறையையும், கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே பார்ப்போம்.

சட்டம் என்ன கேட்கிறது?

பட்டியலில் எந்த விவரம் வேண்டும் என்பதைச் சட்டமே பாதி சொல்லிவிடுகிறது. மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 25-ல் ட்ரோன் விதிகளை வெளியிட்டது. அதன்படி ட்ரோன்கள் எடையை வைத்து ஐந்து வகைப்படும். 250 கிராம் வரை நானோ. 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை ஸ்மால். 150 கிலோ வரை மீடியம். அதற்கு மேல் லார்ஜ்.

மைக்ரோ ட்ரோனைக் கூலிக்குப் பறக்க விடுபவருக்கும், அதைவிடப் பெரியதை இயக்கும் எவருக்கும் பைலட் சான்றிதழ் கட்டாயம். முதலில் 'லைசென்ஸ்' என்றிருந்ததை 2022 பிப்ரவரியில் செய்த திருத்தம் 'சான்றிதழ்' என மாற்றியது. 18 வயது முதல் 65 வயது வரை உள்ளவர், பத்தாம் வகுப்புத் தேறியவர், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயின்றவர் இதைப் பெறலாம். சான்றிதழ் பத்தாண்டுகளுக்குச் செல்லும். நானோ வகைக்குச் சான்றிதழ் தேவையில்லை.

ட்ரோனுக்கும் தனிப் பதிவு எண் உண்டு. லாரிக்கு நம்பர் பிளேட் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

பறக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. மஞ்சள் பகுதியில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய கிடங்குக்காரர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

சான்றிதழ் இல்லாதவரை அழைத்து, ட்ரோன் பக்கத்துக் கடைக்காரர் மேல் விழுந்துவிட்டால், நஷ்டஈடு கேட்பவர் முதலில் வேலை கொடுத்தவர் கடை வாசலில்தான் வந்து நிற்பார். ஆகையால் பெயரும் நம்பரும் மட்டும் உள்ள பட்டியல் உதவியும் செய்யும், வம்பிலும் மாட்டிவிடும்.

எக்செல் செய்யும் குறும்புகள்

கம்ப்யூட்டரில் பேரேடு போலக் கட்டம் போட்டுக் கணக்கு எழுதும் வசதி 1979-ல் விசிகால்க் என்ற மென்பொருளோடு பரவத் தொடங்கியது. 1985-ல் எக்செல் வந்தது. இவை எண்களைக் கூட்டிக் கழிக்கப் பிறந்தவை. பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் கணக்காகவே பார்க்கும் பழக்கம் எக்செலுக்கு இன்றும் போகவில்லை.

மதுரையின் 0452 என்ற எஸ்.டி.டி. எண்ணை அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 452 என்று காட்டும். 91 சேர்த்துப் பன்னிரண்டு இலக்கமாகக் கைபேசி எண்ணை அடித்தால் 9.19 என்று தொடங்கும் ஏதோ ஒரு சூத்திரமாக மாற்றிக் காட்டும். சான்றிதழ் முடியும் நாளை 05/06/2031 என்று எழுதினால் அது ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்பது எழுதியவருக்கே அடுத்த வருடம் விளங்காது. எண்களை இடும் முன்பே அந்தப் பத்தி முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுவதும், தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவதும் இதற்கு மருந்து.

இதைச் சிறு விஷயம் என்று எண்ண வேண்டாம். சில மரபணுக்களின் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், சலித்துப்போன விஞ்ஞானிகளின் பெயரிடும் குழு 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் சேர்த்தார்கள். அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் கணக்கில் வராமல் விடுபட்டனர். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பது தாமதமாயிற்று. நம் பட்டியலில் சில நூறு பேர்தான் இருப்பார்கள். ஆனாலும் விடுபட்டவர் யார் என்பதை எக்செல் தானாகச் சொல்லாது. பழைய பட்டியலின் எண்ணிக்கையையும் புதியதன் எண்ணிக்கையையும் நாம்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு ஆபத்து, பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்துவது. பெயர்கள் நகரும், எண்கள் அப்படியே நிற்கும். ஒருவர் பெயருக்கு எதிரே இன்னொருவர் எண் வந்து நிற்கும். அடையாளம் கண்டுபிடிக்க முடியாத பிழை இது. ஆகவே முதல் வேலையாக மூலப் பிரதியைத் தொடாமல் தனியே சேமித்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் கை வைக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்ச் சிக்கல்

ஒருவர் கோவை என்று எழுதுவார், இன்னொருவர் கோயம்புத்தூர் என்பார். நெல்லை, திருநெல்வேலி, குடந்தை, கும்பகோணம், ஊட்டி, உதகமண்டலம், மாயவரம், மயிலாடுதுறை. நமக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. உதகமண்டலம் என்று தேடுபவருக்கு ஊட்டிக்காரர் கிடைக்கமாட்டார்.

மாவட்டங்களும் மாறியிருக்கின்றன. 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகியவையும், 2020 டிசம்பரில் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. பழைய பட்டியலில் தென்காசிக்காரர் இன்னும் நெல்லை மாவட்டத்தில்தான் இருப்பார். ஊருக்கு ஒரே பெயர் என முடிவு செய்து, அதையே எல்லா வரிசையிலும் இட வேண்டும். மக்கள் வழங்கும் மற்றப் பெயர்களைத் தனிப் பத்தியில் வைத்தால், எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்கும். ஆறு இலக்க பின்கோடு சேர்த்தால் இன்னும் திடமாகும். அதில் செல்லப் பெயர் கிடையாது.

பழைய பட்டியல்கள் பாமினி போன்ற எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால், இணையத்தில் ஏற்றியதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது அவசியம்.

எந்தெந்தப் பத்திகள்?

உலகின் முதல் தொலைபேசிப் பட்டியல் 1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரே ஒரு தாளில் வந்தது. மொத்தம் 50 பேர். அதிலேயே வீடுகள், மருத்துவர்கள், கடைகள் என்று வகை பிரித்திருந்தார்கள். தேடி வருபவர் மனதில் என்ன கேள்வி இருக்கும் என்று எண்ணிப் பத்தி பிரிப்பதே பட்டியல் போடும் கலை.

பைலட் சான்றிதழ் ட்ரோனின் வகையைச் சொல்லும். தொழில் அனுபவத்தைச் சொல்லாது. வயலில் மருந்து தெளிப்பவரும், திருமணத்தில் படம் எடுப்பவரும், கூரையை ஆராய்பவரும் ஒரே மாதிரிச் சான்றிதழ் வைத்திருக்கலாம். ஆதலால் என்ன வேலை செய்வார் என்பதற்குத் தனிப் பத்தி தேவை: கூரை, சோலார், கோபுரம், புகைபோக்கி. வெப்பக் கேமரா உண்டா? படங்களை மட்டும் கொடுப்பாரா, பழுதுகளைக் குறித்து எழுத்து மூலம் அறிக்கை தருவாரா? தாமே பறக்க விடுகிறாரா, கமிஷனுக்கு வேறு ஆளை அனுப்புகிறாரா? எத்தனை கிலோமீட்டர் வரை வருவார்? இவற்றோடு சான்றிதழ் முடியும் நாள், காப்பீடு முடியும் நாள், கடைசியாகச் சரிபார்த்த நாள் ஆகிய மூன்று தேதிகளும் இருந்தே ஆக வேண்டும்.

சரிபார்த்தலே உயிர்நாடி

சரக்கு வந்ததும் பில்லை மட்டும் பார்த்து இருப்பில் ஏற்றும் கடைக்காரர் உண்டா? மூட்டையை எண்ணி, எடை போட்டு, குத்தூசி விட்டு மாதிரி பார்த்த பிறகுதானே ஏற்றுகிறோம். பட்டியலில் ஒவ்வொரு பெயரும் அப்படி உள்ளே வர வேண்டிய சரக்குதான். ஒவ்வொருவருக்கும் போன் செய்து பேசி, சான்றிதழ், ட்ரோன் பதிவு, காப்பீடு மூன்றின் பிரதியையும் வாங்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் பேசினாலும் இருநூறு பேருக்கு இருபது நாட்கள் ஆகும். இந்த உழைப்புக்குக் குறுக்கு வழி கிடையாது.

அவருடைய சம்மதமும் வேண்டும். தனிநபர் விவரங்களைக் காக்க 2023-ல் மத்திய அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. யாரோ தொகுத்த பட்டியலில் இருந்தது என்பதற்காக ஒருவருடைய கைபேசி எண்ணை ஊரறியப் போடுவது முறையாகாது. எழுத்து மூலம் ஒப்புதல் பெற்று, பெயரை நீக்கச் சொன்னால் உடனே நீக்கிவிட வேண்டும்.

இதற்கு இரண்டு ஏடுகள் வைப்பது உத்தமம். சங்க அலுவலகத்தில் இருக்கும் உள் ஏட்டில் சான்றிதழ் எண், வீட்டு முகவரி, பிரதிகள் எல்லாம் இருக்கலாம். வெளியே காட்டும் ஏட்டில் பெயர், ஊர், வேலை வகை, தொடர்பு எண், தேதிகள் மட்டும் போதும். ஆதார் எண்ணை எதிலும் வாங்க வேண்டியதே இல்லை.

இணையத்தில் ஏற்றுதல்

இவ்வளவும் முடிந்தால் இணைய வேலை எளிது. சுத்தம் செய்த வெளி ஏட்டை சி.எஸ்.வி. என்ற எளிய கோப்பாக, தமிழ் எழுத்து சிதையாதபடி யு.டி.எஃப்.-8 முறையில் சேமித்துத் தர வேண்டும். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளே அதைக் கொண்டு பக்கம் அமைத்துவிடுவார்கள். ஊர், வேலை வகை என்ற இரண்டே தேடல் கட்டங்கள் போதும். எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். படமும் அலங்காரமும் குறைவாக இருந்தால் சாதாரண கைபேசியிலும் சட்டென்று திறக்கும்.

முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. காப்பீட்டு நாள் கடந்துவிட்டால் அந்தப் பெயர் தானாகவே மறைந்துவிட வேண்டும். புதுப்பித்த பிரதி வந்த பிறகே மீண்டும் தோன்ற வேண்டும். காப்பீடு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், பட்டியலும் ஆண்டுக்கு ஒருமுறை தானே புதுப்பிக்கப்பட்டுவிடும். காலாவதியான மருந்தை அலமாரியிலிருந்து எடுத்துவிடும் மருந்துக் கடைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சங்கத்தின் பெயர்

பட்டியல் நடக்கத் தொடங்கியதும், பணம் தருகிறோம், எங்கள் பெயரை முதலில் போடுங்கள் என்று சிலர் வருவார்கள். விளம்பரம் வாங்கலாம், அதை விளம்பரம் என்று தனியே குறித்துப் போட வேண்டும். வரிசையைப் பணத்துக்கு மாற்றினால், பரமக்குடியிலும் அரூரிலும் ஒற்றை ட்ரோனோடு நேர்மையாகத் தொழில் செய்யும் இளைஞர்கள் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். தேடுபவருக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவரே முதலில் வரட்டும்.

செலவுக் கணக்குப் பார்த்தால் இணையப் பக்கத்துக்கு ஆவது சொற்பம். போன் பேசிச் சரிபார்க்கும் ஆளின் சம்பளமே பெரிய செலவு. அதைச் சேர்த்துத் திட்டமிடாத சங்கம் இந்த வேலையில் இறங்காமலிருப்பதே மேல். பாதியில் விட்ட பட்டியலைப் பார்த்து ஒரு வியாபாரி அழைப்பார். சங்கமே சொல்லியிருக்கிறதே என்று நம்பி வேலையைக் கொடுப்பார்.

சரியாகச் செய்தால் பலன் பெரிது. தென்காசியில் கிடங்கு வைத்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் தகுதியான பைலட்டைக் கண்டுபிடிப்பார். மழைக்கு முன் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். நைந்த கூரைமேல் ஒரு கூலியாளை ஏற்றிவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டிய நிலையும் நமக்கு வராது.