பவானிக் கரைப் பாட்டியம்மாள்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறைக்கு விடியற்காலையில் சென்றால் பாட்டிமார்களின் தரிசனம் நிச்சயமாகக் கிடைக்கும். திருச்சியிலிருந்தும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்தும் வந்து, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு படியிறங்குவார்கள். "பாட்டி, உங்களுக்கு என்ன பிராயம்?" என்று கேட்டால், பலருக்கு வருஷக் கணக்குத் தெரியாது. "பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு மறு வருஷம் எனக்குக் கல்யாணம்" என்பதுபோல் ஏதேனும் விடை வரும்.

அந்தப் படிகளை நனைக்கும் நீர் முழுவதும் மேட்டூரிலிருந்து வருவதன்று. மேட்டூருக்குத் தெற்கே கூடுதுறையில் பவானி நதி வந்து காவேரியுடன் கலக்கிறது. இரண்டும் ஒன்றாகி, முக்கொம்பில் கொள்ளிடத்துக்குப் பங்கு கொடுத்துவிட்டு, ஸ்ரீரங்கத்தைத் தழுவிச் செல்கின்றன. அந்தப் பவானியின் கரையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், ஒரு பாட்டியம்மாள் வாழ்ந்தார். பெயர் பாப்பம்மாள். பிறந்தது 1914-ஆம் வருஷம். மறைந்தது 2024-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம்.

நேயர்கள் இந்த இரண்டு வருஷங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். காவேரிக் கரையைக் கலக்கிய 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தின்போது அவர் பத்து வயதுச் சிறுமி. மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது இருபது. தேசம் விடுதலையடைந்தபோது முப்பத்து மூன்று. அவர் ஊருக்குக் கீழே பவானிசாகர் அணை எழுந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பெரும்பாலோர் ஓய்ந்து உட்காரும் பருவத்துக்குப் பிறகும் அவருக்கு அரை நூற்றாண்டு பாக்கியிருந்தது!

ஆனால் நீண்ட ஆயுள் ஒன்றே பெருமையாகுமா? அவர் அந்த ஆயுளை எப்படிச் செலவிட்டார் என்பதல்லவா விஷயம்?

கோயமுத்தூர் ஜில்லாவில் தேவலாபுரம் என்னும் கிராமத்தில் பிறந்த பாப்பம்மாள், இளம் பிராயத்திலேயே தாய் தந்தையரை இழந்தார். அவரையும் இரு சகோதரிகளையும் தந்தையைப் பெற்ற பாட்டிதான் தேக்கம்பட்டியில் வைத்து வளர்த்தார். அந்தப் பாட்டி ஒரு மளிகைக் கடை நடத்திவந்தார். அவர் காலத்துக்குப் பின் கடை பேத்தியின் கைக்கு வந்தது. பேத்தி அதனோடு ஒரு சிற்றுண்டிக் கடையும் சேர்த்துக்கொண்டார். அவ்விதம் சேர்ந்த பணத்தைக் கொண்டு கிராமத்திலேயே ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்.

இதை ஒரு வரியில் எழுதிவிட்டேன். படிக்கும் சகோதரிகள் ஒரு வரியில் கடந்துவிடலாகாது. நம் கிராமங்களில் நிலத்தை உழைத்து விளைவித்த பெண்கள் கோடிக்கணக்கானவர்கள். நிலத்தைத் தம் பெயரில் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல்தான் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பினாலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல். அப்போது பாப்பம்மாளுக்கு வயது எழுபத்தைந்து! தகப்பன் வழியில் வரும் பங்குக்காக அவர் காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருந்திருப்பார். பருப்பும் மிளகாயும் நிறுத்துக் கொடுத்த காசில் அவர் பத்திரம் எழுதி வாங்கிய நிலம் அது.

பிற்காலத்தில் பெரும் பகுதியை விற்றுவிட்டு இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார். அதில் இரசாயன உரமின்றிப் பயிர் செய்தார். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரோடு தொடர்பு வைத்துக்கொண்டு, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். காரமடை ஊராட்சி ஒன்றியத்தில் கவுன்சிலராகவும் இருந்தார். 2021-ஆம் வருஷம் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நூற்றைந்து வயதைக் கடந்தும் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இத்தனை வயது வரை வாழ என்ன சாப்பிட்டார் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்காமலிருப்பார்களா? கஷாயம், லேகியம், பத்தியம் என்று விடை வரும் என எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். பாட்டியம்மாளுக்கு மிகவும் பிடித்தது ஆட்டுக்கறிப் பிரியாணி! குடிப்பது வெந்நீர். ஸ்ரீரங்கத்துப் பாட்டிமார்கள் முன்பாதியை மன்னித்துப் பின்பாதியை ஆமோதிப்பார்கள் என்று நம்புகிறேன்.

எனக்கென்னவோ, அவரை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு முந்தைய பாட்டியும் கூடவே நினைவுக்கு வருகிறார். தாயும் தகப்பனும் இல்லாத மூன்று பெண் குழந்தைகளைக் கடை வருமானத்தில் ஆளாக்கிய அந்த அம்மையாருக்கு விருது கொடுக்க அக்காலத்தில் யார் இருந்தார்கள்? அவர் விட்டுச் சென்றது ஒரு தராசும் சில டப்பாக்களும் நாலு பேரிடம் நாணயமான பெயருமாகத்தான் இருந்திருக்கும்.

ஆடிப் பதினெட்டன்று பவானி வெள்ளமும் சேர்ந்து காவேரி பெருகி வரும்போது, அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமிராது. காதோலை கருகமணியும் மஞ்சளும் தட்டில் ஏந்திப் பாட்டிகள் பேத்திகளோடு வருவார்கள். "மெல்ல இறங்கு, படி வழுக்கும்" என்ற குரல் நாலா புறமும் கேட்கும். சொல்வது பாட்டியா, பேத்தியா என்று அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது.