வாடகை வீடும் வருமுன் காப்பும்

தீங்கு வருமுன் காத்துக்கொள்ளாதவனுடைய வாழ்வு, நெருப்பின் முன்னே வைத்த வைக்கோற்போர் போல அழியும் என்பது வள்ளுவர் கருத்து. அக்குறளிலே காவாதவனும் கெடுபவனும் ஒருவனே. வாடகை வீட்டிலோ நிலைமை வேறு. காக்கும் பொறுப்பு வீட்டுக்குரியவரைச் சார்ந்தது. காவாமையின் பயனை அனுபவிப்பவர் அங்கே குடியிருப்பவர். வீட்டுக்குரியவர் ஒரு பொதுச்சபையாகவும், வீடு பல மாடிக் கட்டடமாகவும் இருந்துவிட்டால் இவ்வேறுபாடு எத்துணைக் கொடியதாகும் என்பதை இலண்டன் மாநகரம் கண்டறிந்தது.

இங்கிலாந்திலே வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு உள்ளூராட்சி சபைகள் வீடுகள் கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்து வந்துள்ளன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்வாறு பல தொடர்மாடிகள் எழுந்தன. ஒரு வீட்டில் மூளும் தீயை அவ்வீட்டின் சுவர்களும் கதவும் தடுத்து நிற்கும். அதற்குள் தீயணைப்புப் படை வந்துவிடும். ஆதலால் ஏனைய வீட்டார் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கலாம் என்பது அங்கு கைக்கொள்ளப்பட்ட விதி. விதி பிழையானதன்று. ஆனால், கட்டடம் பழுதற்று இருக்கும் வரையிலேதான் அது பயன்படும்.

2009 ஜூலை 3ஆந் திகதி, தென் இலண்டனிலுள்ள 14 மாடி லக்கனல் இல்லத்தில், பழுதுற்ற தொலைக்காட்சிப் பெட்டியொன்றிலிருந்து தீ மூண்டது. உள்ளேயே இருக்குமாறு கூறப்பட்டதை நம்பியிருந்த மூன்று பெண்களும் மூன்று குழந்தைகளும் உயிரிழந்தனர். கட்டடத்துக்குரிய சபை, தீப்பாதுகாப்பு விதிகளை மீறியமையை ஒப்புக்கொண்டது. 2017 பெப்ரவரியில் அதற்கு 270,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

அதன்பின் நான்கு திங்கள் நிறையுமுன், 2017 ஜூன் 14ஆந் திகதி நள்ளிரவு கடந்து 12.54 மணிக்கு, மேற்கு இலண்டனிலிருந்து தீயணைப்புப் படைக்கு அழைப்பு வந்தது. கென்சிங்டன்-செல்சி சபைக்குரிய 24 மாடிக் கிரென்பெல் கோபுரத்தின் நான்காம் மாடியில், ஒரு சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியிலே தீ மூண்டிருந்தது. அத்தீ சாளர வழியே வெளிச்சுவரைப் பற்றியது. முந்திய ஆண்டில் முடிவுற்ற திருத்த வேலையின்போது அச்சுவருக்குப் புதிய மேலுறை இடப்பட்டிருந்தது. இரு மெல்லிய அலுமினியத் தகடுகளின் நடுவே எளிதில் எரியும் பொலித்தீன் வகைப் பொருளை வைத்துச் செய்த மேலுறை அது. முதலில் எண்ணியிருந்த துத்தநாக உறையைக் கைவிட்டதால் மிச்சமான தொகை ஏறக்குறைய 3 இலட்சம் பவுண்.

வெளிச்சுவரிலே பற்றிய தீ அரைமணி நேரத்துள் உச்சியை எட்டியது. கீழே இறங்குவதற்கு இருந்த படிக்கட்டு ஒன்றே. வீட்டுக் கதவுகள் பலவற்றில், கதவைத் தானாகச் சாத்தும் கருவி பழுதுற்றிருந்தது அல்லது இல்லாதிருந்தது. ஆதலால் புகை தடையின்றிப் பரவியது. உள்ளேயே இருங்கள் என்னும் அறிவுரை அதிகாலை 2.47 மணிக்கே கைவிடப்பட்டது. மாண்டவர் 72 பேர்.

இந்த ஆபத்தை எவரும் முன்னுணரவில்லை என்று சொல்வதற்கில்லை. பேரழிவொன்று நேர்ந்தாலன்றித் தங்கள் வீடுகளை நிருவகிப்போரின் குறைகள் வெளிவரமாட்டா என்று, குடியிருப்போர் குழுவொன்று 2016 நவம்பரிலேயே எழுதி வெளியிட்டிருந்தது. குறை கூறியவர்களோ கலகக்காரராகக் கருதப்பட்டனர். 2024 செப்டெம்பர் 4ஆந் திகதி வெளியான விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை இதனை எடுத்துக் காட்டியதோடு, அத்தனை உயிரிழப்பும் தவிர்த்திருக்கக் கூடியதே என்றும் முடிவு கூறியது.

இன்று இங்கிலாந்தில் 18 மீற்றருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள்களை இடுதல் கூடாது. உயர்ந்த கட்டடங்களுக்குப் பொறுப்பானோர் குடியிருப்போரின் முறைப்பாடுகளைக் கேட்டு விசாரிக்க வேண்டும் என்றும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கின்றது. இவற்றுள் இரண்டாவதே ஆழமானது என்பேன். கதவு சாத்தாததையும், படிக்கட்டில் விளக்கு எரியாததையும், மின்கம்பி கருகுவதையும் முதலில் காண்பவர் நாள்தோறும் அவ்வழியே செல்லும் குடியிருப்பாளரே. அவரைவிடச் சிறந்த காவலாளி சபைக்கு வேறில்லை.

தொடர்மாடிகளிலே வாழும் குடும்பத்தினர் செய்யத்தக்கன சில உண்டு. படிக்கட்டிலும் நடைவழியிலும் பொருள்களைக் குவித்து வைத்தல் ஆகாது. தானே சாத்தும் கதவைக் கல் வைத்துத் திறந்து விடுதலும் ஆகாது. பிள்ளைகள் வெளியேறும் வழியை இருளிலும் அறிந்திருத்தல் வேண்டும். பழுது கண்டால் வாய்ச்சொல்லோடு நில்லாது, எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்திருத்தல் நன்று. ஆயினும் சுவர் எப்பொருளால் ஆனது என்பதைக் குடியிருப்பவர் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்போர், தாம் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு பவுணும் ரூபாவும் பிறர் பிள்ளைகள் உறங்கும் வீட்டிலிருந்து எடுக்கப்படுவது என்பதை மறவாதிருப்பாராக.