மோட்டார் சைக்கிளில் கலர் கலராக விளக்கு! நடு ரோட்டில் பாட்டரி காலி!

ஒரு காலத்தில் சைக்கிளில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்துவார். சக்கரத்தில் இருக்கிற காற்றைப் பிடுங்கி விடுவார். டைனமோ வாங்க வசதி இல்லாதவர்கள் மண்எண்ணெய் விளக்கை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போவார்கள்.

இப்போது எல்லாம் தலைகீழ். விளக்கு அதிகமாகி விட்டது என்று நிறுத்துகிற காலம்!

கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் என்று எந்தப் பக்கம் போனாலும் சரி, சிதம்பரத்தில் நான்கு வீதிகளைச் சுற்றினாலும் சரி, பொழுது சாய்ந்ததும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். என்ஜினுக்கு அடியில் நீலம். சைலன்சர் ஓரத்தில் சிவப்பு. சக்கரத்துக்குள் பச்சை. தரையிலே ஒரு வெளிச்சக் குட்டை வண்டியோடு சேர்ந்து ஓடுகிறது.

வயதானவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சிறு பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்.

வாலிபர்கள் ஆசைப்படுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போடுகிற ஊர்தானே இது! அந்த மாலைக்குப் பதில் விளக்கு. அவ்வளவுதான். ஆனால் மாலை வாடினால் தூக்கிப் போட்டு விடலாம். ஒயர் கெட்டால் வண்டியே போகும்.

5 நிமிஷ வேலை

பட்டறைகளில் அன்றாடம் கேட்கிற பேச்சு இது:

"அண்ணே, இந்த லைட்ட மாட்டிக் குடுங்க. அவசரமா போவணும்."

"உட்டுட்டுப் போ தம்பி. சாயங்காலம் வா. சீட்டைக் கழட்டணும், டேங்க்கைத் தூக்கணும், பியூஸ் போடணும்."

"அதெல்லாம் வேணாண்ணே. ஹெட்லைட் ஒயர்லயே முறுக்கி உட்டுடுங்க. அஞ்சு நிமிஷ வேலை!"

இந்த '5 நிமிஷ வேலை'யில்தான் எல்லா வினையும் இருக்கிறது. சில நூறு ரூபாய் கொடுத்து விளக்கு வாங்குகிறவர், கூலிக்கு பேரம் பேசுகிறார். மெக்கானிக் என்ன செய்வார்? மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி அனுப்பி விடுகிறார்.

நெய்வேலி மின்சாரம் பிறந்த வருஷம்

இந்த விளக்கின் பெயர் எல்.இ.டி. இதில் குண்டு பல்பு மாதிரி சூடாகி எரிகிற கம்பி கிடையாது. சின்னஞ்சிறு படிகத் துண்டு ஒன்று, மின்சாரம் பாய்ந்தால் ஒளி விடுகிறது. மின்சாரம் ஒரு திசையில்தான் பாயும். திருப்பிக் கொடுத்தால் எரியாது.

கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு எல்.இ.டி.யை 1962-ம் ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த நிக் ஹாலன்யாக் செய்து காட்டினார். அதே 1962-ல்தான் நம்ம நெய்வேலியில் முதல் அனல் மின்சார எந்திரம் ஓடத் தொடங்கியது. நெய்வேலி ஊரையே வெளிச்சமாக்கியது. அமெரிக்க விளக்கோ கடுகளவு சிவப்புப் புள்ளி!

சிவப்பு வந்தது. பச்சை வந்தது. நீலம் மட்டும் வரவே இல்லை. 30 வருஷம் போராட வேண்டி இருந்தது. ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய 3 விஞ்ஞானிகள் அதைச் சாதித்தார்கள். 2014-ம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு இந்த மூவருக்கும் கிடைத்தது. நீலம் இல்லாவிட்டால் வெள்ளை எல்.இ.டி.யும் இல்லை. இன்று தெரு விளக்கு, டி.வி., செல்போன் எல்லாவற்றிலும் இருப்பது அந்த நீலம்தான்.

நோபல் பரிசு வாங்கிய விளக்கைத்தான் நம் ஆட்கள் முறுக்கி, டேப் சுற்றி விடுகிறார்கள்!

கணக்குப் பாருங்கள்

கடையில் விற்கிற 12 வோல்ட் ஸ்ட்ரிப் விளக்கை உற்றுப் பார்த்தால், மூன்று மூன்று விளக்காகக் கோத்திருப்பது தெரியும். வெள்ளை அல்லது நீல விளக்கு ஒன்றுக்கு சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றுக்கு 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. மீதியை ஒரு சின்ன ரெசிஸ்டர் தாங்கிக் கொள்கிறது. அதனால்தான் மூன்று விளக்குக்கு ஒரு இடத்தில் கத்தரிக்கோல் அடையாளம் போட்டிருக்கும். அங்கேதான் வெட்ட வேண்டும்.

மோட்டார் சைக்கிள் பாட்டரியும் 12 வோல்ட்தானே, சரியாகப் போச்சு என்று நினைக்கிறோம். அங்கேதான் சூட்சுமம். வண்டி ஓடும்போது பாட்டரி சார்ஜ் ஆக வேண்டும். அதனால் 14 வோல்ட்டுக்கு மேலே கூடப் போகும். கூடுதலாக வருகிற 2 வோல்ட் பெரும்பாலும் அந்த ரெசிஸ்டர் தலையில்தான் விழுகிறது. அப்போது பாய்கிற மின்சாரம் ஒன்றரை மடங்குக்கும் மேலே ஏறிவிடும். முதல் மாதம் பளிச்! நாலாவது மாதம் பாதி விளக்கு கறுத்துப்போய் நிற்பதற்குக் காரணம் இந்தச் சூடுதான். வோல்டேஜைக் கட்டுப்படுத்தி 12-ல் நிறுத்தும் ஒரு சின்ன ரெகுலேட்டரை நடுவில் போட்டால் விளக்குக்கு ஆயுள் கூடும். அதைக் கேட்டு வாங்குகிறவர் நூற்றில் ஒருவர்.

பாட்டரி கணக்கைப் பாருங்கள். சாதாரண 100 சி.சி., 125 சி.சி. வண்டிகளில் இருக்கிற பாட்டரி 3 அல்லது 4 ஆம்பியர்-அவர்தான். பெரிய சைஸ் விளக்கு வைத்த ஸ்ட்ரிப், மீட்டருக்கு 14 வாட் சாப்பிடும். அதாவது 1 ஆம்பியருக்கு மேல். 2 மீட்டர் மாட்டி, சினிமா தியேட்டர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு விளக்கை அணைக்க மறந்து உள்ளே போனால், படம் விட்டு வரும்போது பாட்டரி டவுன்!

சின்ன சைஸ் விளக்கு என்றால் மீட்டருக்கு 5 வாட்கூடக் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு. தூரத்தில் இருந்து பார்த்தால் பெரிய வித்தியாசமும் தெரியாது. ஆனால் ரோலின் மேல் அட்டையில் இரண்டுக்கும் '12 வோல்ட்' என்றுதான் போட்டிருக்கும்.

உதைத்தாலும் நடக்காது

முன்பெல்லாம் பாட்டரி போனால் கவலை இல்லை. கிக்கரை நாலு உதை உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். அந்தக் காலத்து ராஜ்தூத் ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதெல்லாம் 6 வோல்ட் வண்டி.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். அதை இயக்குகிற கம்ப்யூட்டர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். பாட்டரி அடியோடு செத்துப்போனால் தள்ளினாலும் சிரமம்தான். பல வண்டிகளில் கிக்கரே கிடையாது.

கடலூரில் இருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோ மீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று போகிற இந்த ரோட்டில் ராத்திரி 11 மணிக்கு மனைவி, குழந்தையோடு வண்டி நின்று போனால் என்ன கதி? பட்டறை எல்லாம் பூட்டி இருக்கும். பக்கத்தில் லாரிகள் பறக்கும். அப்போது ஹெட்லைட்டும் எரியாது, நீல விளக்கும் எரியாது.

உப்புக் காற்று

உள்நாட்டு ஊர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை கடலூருக்கு உண்டு. அதுதான் உப்புக் காற்று. தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் வண்டியை நிறுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

முறுக்கிவிட்ட செம்பு ஒயரில் டேப்பின் இடுக்கு வழியாக ஈரமும் உப்பும் புகுந்துவிடும். கொஞ்ச நாளில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய இடத்தில் மின்சாரம் திணறும். திணறுகிற இடம் சூடாகும். டேப் இளகிக் கழன்று கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. 2015-ம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் கடலூரை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் என்ஜினை நனைத்தால் துடைத்து ஓட்டலாம். ஒயருக்குள் போன தண்ணீர் நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

இதற்கு வழி உண்டு. இணைப்பை ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். அதன் மேலே, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஸ்லீவ் போட வேண்டும். ஸ்ட்ரிப்பின் வெட்டிய முனையை சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். ஸ்லீவுக்கு ஆகிற செலவு டீச் செலவுதான்.

சிகரெட் பேப்பர் பியூஸ்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பியூஸ் இல்லாமல் மாட்டுவது.

ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் அதன் கழுத்துப் பக்கம் ஒயர் மடங்கி மடங்கி நிமிர்கிறது. ஒரு நாள் ரப்பர் உரிந்து, உள்ளே இருக்கிற செம்பு வண்டியின் இரும்பில் படும். பாட்டரி சின்னதுதான். ஆனால் ஷார்ட் ஆனால் மெல்லிய ஒயரைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சுகிற சக்தி அதற்கு உண்டு. மேலே இருப்பதோ பெட்ரோல் டேங்க்!

2 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டிருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் அது உருகி, மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதையும் விளக்கின் பக்கத்தில் போடக்கூடாது. பாட்டரிக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். விளக்கின் பக்கத்தில் போட்டால் நடுவில் இருக்கிற ஒயருக்கு யார் காவல்?

பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதற்குப் பதில் ஒயர் இழையைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சிகரெட் பெட்டியில் இருக்கிற ஜிகினாப் பேப்பரை மடித்து வைக்கிற 'நிபுணர்'களும் உண்டு. திருடன் வந்தால் குரைக்கிறதே என்று நாயை அவிழ்த்து விரட்டுகிற மாதிரிதான் இது.

இன்னொன்று. ஒயரை எங்கே இருந்து எடுப்பது? ஹெட்லைட், பிரேக் லைட், இக்னிஷன் காயில் ஆகிய ஒயர்களில் கை வைக்கக்கூடாது. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பாட்டரியில் இருந்து வருவதில்லை. மேக்னெட்டோவில் இருந்து நேராக வருகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் பிரகாசம், விட்டால் மங்கல் என்று இருக்கிற வண்டி எல்லாம் இந்த ஜாதி. அதில் ஸ்ட்ரிப்பைக் கொடுத்தால் மினுக்கி மினுக்கிச் சீக்கிரம் செத்துப் போகும்.

சாவியைத் திறந்தால் மட்டும் மின்சாரம் வருகிற துணை ஒயரில் இருந்து, தனி பியூஸ், தனி ஸ்விட்ச் போட்டு எடுப்பதே முறை. சாவியை எடுத்தால் விளக்கு தானாக அணைந்துவிடும். தியேட்டர் வாசல் கதை நடக்காது. 'ரிலே கட்டாயம் வேண்டும்' என்று சொல்லி அதற்கும் காசு கேட்பார்கள். 1 மீட்டர் ஸ்ட்ரிப்புக்கு ரிலே தேவை இல்லை. பெரிய பாக் லைட் மாட்டுகிறவர்களுக்குத்தான் அது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ம் ஆண்டு வந்தவை. அதில் 108-வது விதி, வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு தெரியக் கூடாது, பின்பக்கம் சிவப்பு தவிர வேறு நிறம் தெரியக் கூடாது என்கிறது. இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. இருட்டில் சிவப்பைப் பார்த்தால் 'முன்னால் வண்டி போகிறது' என்று மனசு சொல்லும். வெள்ளையைப் பார்த்தால் 'எதிரே வருகிறது' என்று சொல்லும். எதிரே வருகிற மோட்டார் சைக்கிளில் சிவப்பு எரிந்தால் லாரி டிரைவர் என்ன நினைப்பார்? ஓவர்டேக் செய்யத் தயாராகி விடுவார்!

சிவப்பும் நீலமும் மாறி மாறி மினுக்குகிற விளக்கு போலீஸ் போன்ற அவசர வண்டிகளுக்கு உரியது. மந்திரிகள் கார்களில் இருந்த சிவப்பு சுழல் விளக்கே 2017 மே 1-ந்தேதி முதல் போய்விட்டது. மந்திரிக்கே இல்லாதது நமக்கு எதற்கு?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த வண்டியை இஷ்டம் போல் மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். என்ஜினுக்கு அடியில் ஒரு முழம் விளக்கு ஒட்டியது இந்தக் கணக்கில் வருமா என்று கோர்ட்டில் வாதாடலாம். ஆனால் நடு ரோட்டில் ராத்திரி போலீசாரிடம் வாதாட முடியாது.

ஒயரிங் கிட்டை வெட்டியது தெரிந்தால் வாரண்டி கிடையாது என்று கம்பெனி கையை விரிக்கும். வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்சில் தகராறு வரும்.

பக்கவாட்டில் தெரிய வேண்டுமா?

விளக்கு மாட்டுகிறவர்கள் சொல்லுகிற ஒரு காரணத்தில் நியாயம் இருக்கிறது. குறுக்குச் சந்தில் இருந்து வருகிற வண்டிக்காரர் கண்ணில் மோட்டார் சைக்கிள் படுவதில்லை என்கிறார்கள். உண்மைதான். முன்னால் வருகிறவருக்குத் தெரியத்தான் 2017 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளில் ஹெட்லைட்டைப் பகலிலும் அணைக்க முடியாதபடி செய்தார்கள். பக்கவாட்டில் அது பயன்படாது.

அதற்கு ஒயரே வேண்டாம். மற்ற வண்டியின் வெளிச்சம் பட்டால் பளபளக்கிற ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் கடைகளில் கிடைக்கிறது. சைலன்சர் சூடு படாத இடமாகப் பார்த்து, பக்கத்துக்கு ஒரு துண்டு ஒட்டினால் போதும். பாட்டரி செலவு கிடையாது, பியூஸ் கிடையாது, களிம்பு கிடையாது.

இதைச் சொன்னால் "அதுல கெத்து இல்லண்ணே" என்பார்கள் வாலிபர்கள்!

கழற்றிய ஸ்ட்ரிப்பும் வீணாவதில்லை. ஒரு 12 வோல்ட் அடாப்டரை மாட்டினால் வீட்டுக் கரண்டில் எரியும். பட்டறைச் சுவரில் தொங்குகிற பிள்ளையார் படத்தைச் சுற்றி, பச்சையும் நீலமுமாக, பாதி கறுத்தும் பாதி எரிந்தும் அதை இன்னும் சில வருஷம் பார்க்கலாம்.