சங்கத்துப் பங்கு

மன்னார்ப் பெருநிலத்தில் கட்டுக்கரைக் குளத்து நீரை உண்டு வளர்ந்த காலபோக நெல் கதிர்தள்ளிப் பால்பிடிக்கின்ற மார்கழி மாதத்தில், அதே மாவட்டத்தின் தீவுக் கரைகளிலே, தாழமுக்கச் செய்தி வரும்போதெல்லாம் மணலில் ஏற்றிவிட்ட படகுகளின் மறைவில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருக்கின்ற கடற்றொழிலாளியின் வீட்டில் அடுப்பு தணிந்துதான் எரிகிறது. வயலுக்குப் பருவம் கூடுகின்ற காலமும் கடலுக்குப் பருவம் குலைகின்ற காலமும் ஒன்றாக வந்து பொருந்துவது இப்பிரதேசத்தின் இயற்கை. அந்தக் காலத்தில்தான் நத்தார் வருகிறது. அடுத்த வாரம் புதுவருஷம். மூன்று வாரம் நிறையுமுன் தைப்பொங்கல். கை மெலிந்திருக்கின்ற வேளை பார்த்துப் பெருநாட்கள் மூன்றும் வரிசையாக வந்து வாசலில் நிற்கின்றன.

ஓலைத்தொடுவாய் மன்னார்த் தீவின் கரையூர்களில் ஒன்று. தொடுவாய் என்பது உள்நீர் கடலைத் தொடுகின்ற வாயைக் குறிக்கும் பழஞ்சொல். சோழநாட்டுக் கரையில் சீர்காழிக்கு அண்மையிலும் தொடுவாய் என்றே ஓர் ஊருண்டு. அச்சொல்லுக்கு முன்னே நிற்கின்ற ஓலையோ, மணலும் உப்புக்காற்றுமாகிய இத்தீவில் வேறு மரங்கள் பலவும் பொறுக்காததைப் பொறுத்து நிமிர்ந்து நிற்கின்ற பனையை நினைவூட்டுகிறது. தீவின் ஒருபுறம் பாக்கு நீரிணை, மறுபுறம் மன்னார்க் குடா. வாடைக்காற்று வடகரையைக் கலக்கும். சோளகக்காற்று தென்கரையைக் கலக்கும். காற்றைப் பார்த்து ஜீவனம் செய்கின்ற இத்தகைய ஊர்களில், வருஷம் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்ந்து பெருநாட் காலத்தில் ஊருக்கே திரும்பி வருகின்ற பங்கொன்று உண்டு. அதைச் சேர்த்துவைத்துத் திருப்பிக் கொடுக்கின்ற ஸ்தாபனத்தை நாம் கூட்டுறவுச் சங்கம் என்கிறோம்.

இலங்கையின் வடபுலத்தில் சாதாரண மக்கள் அறிந்த சங்கங்கள் இரண்டு வகைப்படும். ஒன்று, அரிசியும் சீனியும் பருப்பும் விற்கின்ற பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். அதன் கடையைச் சங்கக்கடை என்றும், பங்கீட்டுக் காலத்துப் பழக்கத்தால் கூப்பன் கடை என்றும் சனங்கள் சொல்வார்கள். மற்றது, கரையூர்தோறும் இருக்கின்ற கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். முன்னது உணவை விற்பது; பின்னது உணவைக் கடலிலிருந்து கொண்டு வருவோரின் கூட்டு.

பின்னது இயங்கும் விதத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். விடியற்காலையில் படகு கரைதட்டுகிறது. கூடையில் கொட்டிய மீன்மேல் ஈரம் காயுமுன் ஏலம் தொடங்குகிறது. கூறுபவர் விலையை ஏற்றிக்கொண்டே போக, வியாபாரி ஒருவர் தலையசைக்க, பக்கத்தில் நிற்பவர் துண்டில் மூன்று இலக்கங்களை எழுதுகிறார்: மீனின் நிறை, போன விலை, சங்கத்துக் கழிவு. அவசரத்தில் மூன்றாவது விடுபட்டுப் போனால், "சங்கத்துக்குக் கழிச்சாச்சோ?" என்று கேட்கின்ற குரலொன்று கரையில் எப்போதும் இருக்கும். அக்கழிவு சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். எங்கும் அது சிறிய தொகைதான். ஆயினும் ஒவ்வொரு படகிலிருந்தும் நாள்தோறும் விழுகின்ற அச்சிறு துளிதான் உறுப்பினர் சேமிப்பாகவும், கடனாகவும், மரணவீட்டுக்குக் கொடுக்கும் உதவியாகவும், முன்பள்ளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் செல்லும் உபகாரமாகவும், ஈற்றில் நத்தாருக்கோ பொங்கலுக்கோ வீடுதேடி வருகின்ற உலர் உணவுப் பொதியாகவும் உருமாறுகிறது.

இந்த ஏற்பாடு கரையூர் மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதாக இருக்கவில்லை. கூட்டுறவுச் சட்டம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் உழைப்பைப் பங்காகப் பார்த்தவர்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஆள் ஒரு பங்கு என்று பிரித்து, கோயிலுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிய மரபிலே, சங்கம் வந்தபோது அதையும் படகில் ஏறிய இன்னோர் ஆளாகவே எண்ணிக்கொண்டார்கள். அந்த ஆள் துடுப்புப் போடுவதில்லை, வலை இழுப்பதில்லை. மீன்பட்ட நாளில் தன் பங்கை வாங்கிப் பேசாமல் முடிந்துவைத்து, மீன்படாத நாளில் அதே பங்கை எடுத்து மற்றவர்முன் வைப்பதே அவனுடைய தொழில்.

வயலிலும் இதே நியாயம் இருந்தது. அருவியாற்று நீர் தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தில் நிறைந்து, அங்கிருந்து சிறுகுளங்கள் பலவற்றுக்கும் ஓடி விளைவிக்கின்ற நெல்லை அரிவு வெட்டி, சூடடித்து, பொலி தூற்றி முடிந்ததும், கமக்காரன் தன் வீட்டுக்கு மூடை கட்டுமுன் கோயிலுக்கும், ஊருக்குத் தொழில் செய்யும் குடிமக்களுக்கும், களவெட்டிக்கு வந்து நிற்கும் ஏழைக்கும் கொத்துக் கணக்கில் அளந்து கொடுத்த வழக்கத்தை நம் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். விளைச்சலுக்கு உரியவர் பலர் என்ற அறிவே அந்த வழக்கத்தின் உயிர்.

நவீன கூட்டுறவு இயக்கத்தின் ஆதி சரித்திரமும் ஒரு பெருநாட் காலத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரிலே, கூலி குறைந்து, கடைக்காரர் விற்ற கலப்பட மாவையும் குறைந்த நிறையையும் சகித்துச் சலித்த நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண் பங்குபோட்டு, 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இரவு, நத்தாருக்கு நான்கு நாள் முன்னதாக, ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா போன்ற சில சரக்குகளே அவர்களிடம் இருந்தன. சரியான நிறையில் சுத்தமான பொருளை விற்று, மிஞ்சிய இலாபத்தை, யார் எவ்வளவு பங்கு போட்டார் என்று பாராமல், யார் எவ்வளவு சாமான் வாங்கினார் என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்த அவர்களுடைய விதிதான் பின்னர் உலகெங்கும் பரவியது. கூடுதலாக வாங்கியவன் பெரிய குடும்பக்காரன். ஆகவே திரும்பிவரும் தொகையும் தேவையின் அளவாகவே அமைந்தது.

அவ்விதி நம்மவர் நாடுகளுக்கு வர அறுபது ஆண்டுகள் பிடித்தன. சென்னையில் 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் உதயமாயிற்று. இலங்கையில் 1906இல் தெல்தெனியாவில் ஒரு கடனுதவிச் சங்கம் தோன்ற, 1911இல் அதற்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டில், அதாவது 1912இல், இந்தியாவில் நிறைவேறிய கூட்டுறவுச் சட்டத்தில் நாம் கவனிக்கத்தக்க வாசகம் ஒன்றுண்டு: நிகர இலாபத்தில் காற்பங்கை ஒதுக்க நிதியில் சேர்த்த பின்பு, மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை, பதிவாளரின் அனுமதியோடு, தர்ம காரியங்களுக்குக் கொடுக்கலாம் என்று அது விதித்தது. கொடைக்கு இடமளித்த அதே சட்டம் கொடைக்கு ஓர் எல்லையையும் வகுத்தது. முதலில் சங்கம் பிழைக்க வேண்டும், பின்பு கொடுக்க வேண்டும் என்ற ஒழுங்கை நிலைநாட்டிற்று. விதைநெல்லை எடுத்துவைத்த பிறகே பொங்கலுக்கு அரிசி குத்துகின்ற கமக்காரனின் புத்தி அது.

இலங்கையில் சங்கக்கடை ஊர்தோறும் வேரூன்றியது இரண்டாம் உலகயுத்தத்தின்போதாகும். 1942இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோக, இருப்பதை எல்லோருக்கும் பங்கிடுவதற்கென்று சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான கூட்டுறவுப் பண்டகசாலைகள் எழுந்தன. 1957இல் அமைச்சர் பிலிப் குணவர்த்தன அவற்றைப் பலநோக்குச் சங்கங்களாக வளர்த்தார். 1971இல் சிறு சங்கங்கள் பல ஒன்றிணைக்கப்பட்டன. தமிழர் பகுதிகளில் இவ்வியக்கம் கடையோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்து மூளாயில் 1930களில் மக்கள் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாக அமைத்தார்கள். கூட்டுறவுக்கு உழைத்த வீ. வீரசிங்கம் அவர்களின் பெயர் யாழ்நகரில் ஒரு மண்டபத்தின் நெற்றியில் இன்றும் நிற்கிறது.

இங்கே ஒரு பேதத்தை உணர்ந்துகொள்வது அவசியம். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒரு கிலோ பச்சரிசியும், ஒரு கிலோ சீனியும், முழுக்கரும்பும், ஆயிரம் ரூபாயும் நியாயவிலைக் கடைகள் வழியாக வழங்கப்பட்டன. அக்கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. அது பெரிய காரியம். ஏழை வீட்டில் பால் பொங்க உதவிய காரியம். எனினும் அது அரசின் பொக்கிஷத்திலிருந்து வந்த பரிசு. சங்கம் அங்கே கொண்டுவந்து சேர்க்கின்ற கையாக நின்றது. கரையூர்ச் சங்கம் தன் கழிவிலிருந்து கொடுக்கின்ற பொதியோ, அளவில் சிறிதாயினும், வாங்குபவனுடைய வியர்வையே அவனுக்குத் திரும்பி வருவது. அதை வாங்குகின்ற விதவைத் தாய் தலைகுனிய வேண்டியதில்லை. அவளுடைய கணவன் உயிரோடிருந்த நாளில் ஒவ்வொரு காலையும் துண்டில் எழுதப்பட்ட மூன்றாவது இலக்கம் அந்தப் பொதிக்குள் இருக்கிறது.

இந்தப் பங்கின் அருமை துர்ப்பிக்ஷம் போன்ற நாட்களில்தான் விளங்கும். 2020ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், திருகோணமலைப் பக்கமாகக் கரைகடந்த புரெவிப் புயல் வடபகுதியைக் குறுக்கறுத்து மன்னார்க் குடாவுக்குள் இறங்கியது. நத்தாருக்கு மூன்று வாரமே இருந்தது. அடுத்த ஆண்டு இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் காலபோக விளைச்சல் நாடெங்கும் சரிந்தது. அதற்கடுத்த ஆண்டோ பொருளாதாரமே சரிந்து, 2022 ஆகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுக்கு மண்ணெண்ணெய்தான் அன்னம். செப்டெம்பரில் கொழும்புக் கணக்குப்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக ஏறியது. எதிர்க்கரைத் தமிழ்நாடு 40,000 தொன் அரிசி அனுப்ப முன்வந்ததும் அந்த ஆண்டிலேதான். வயலும் கடலும் சந்தையும் ஒருசேரக் கைவிட்ட அத்தகைய காலத்தில், தன்னிடம் சேமிப்பு வைத்திருந்த ஊருக்கும் வைத்திராத ஊருக்கும் உள்ள வித்தியாசம் எவருடைய விளக்கமும் இல்லாமலே புலனாகிவிடும்.

சங்கங்கள் எல்லாம் குற்றமற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. கடனைத் திருப்பிக் கொடாதவரைக் கேட்கத் தயங்கியதால் நலிந்தவை உண்டு. கட்சிக்காரரின் கூடாரமாகிக் கெட்டவை உண்டு. கணக்காய்வு வருஷக்கணக்கில் நிலுவையில் கிடக்க, பெருநாட் பொதியை மட்டும் படம் பிடித்துக் கொடுத்துப் பெயர் வாங்கிய நிர்வாகங்களும் உண்டு. இலாபம் இல்லாத ஆண்டில் ஒதுக்க நிதியை உடைத்துக் கொடுக்கின்ற கொடை, விதைநெல்லைப் பொங்கித் தின்பதற்கு ஒப்பாகும். பொதி எவ்வளவு பெரிது என்று பார்ப்பதற்குமுன் அது எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று கேட்கின்ற உறுப்பினரே சங்கத்தின் உண்மையான காவலர். உலகக் கூட்டுறவாளர் 1995இல் மான்செஸ்டரில் கூடி வகுத்த ஏழு கொள்கைகளில் ஏழாவது, சமுதாயத்தின்மீது அக்கறை. இரண்டாவதோ, உறுப்பினரின் ஜனநாயகக் கட்டுப்பாடு. இரண்டாவது இல்லாத ஏழாவது நீடிப்பதில்லை.

இத்தீவின் வீடுகளில் ஒடியற்கூழ் காய்ச்சுவதைக் கண்டவர்களுக்குக் கூட்டுறவின் தத்துவத்தை வேறாக விளக்க வேண்டியதில்லை. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த மா ஒரு வீட்டிலிருந்து வரும். விலைபோகாத சிறுமீனும் நண்டும் இறாலும் கரையிலிருந்து வரும். பயற்றங்காய் ஒரு வேலியிலிருந்து, முருங்கையிலை இன்னொரு வேலியிலிருந்து, பெருநிலத்து அரிசி ஒரு பிடி, பழப்புளியும் செத்தல் மிளகாயும் யாரோ ஒருவரின் பானையிலிருந்து. எல்லாம் ஒரே பெரிய பானையில் கொதித்து இறங்கியதும், பனையோலையைக் கோலிக் கட்டிய பிளாக்களை ஏந்திச் சுற்றி அமர்வார்கள். யார் எதைக் கொண்டுவந்தார் என்று அப்போது எவரும் கணக்குப் பார்ப்பதில்லை; ஒன்றுமே கொண்டுவர இயலாத கிழவிக்கும் ஒரு பிளா நிறைகிறது.

கூழ்ப்பானைக்குக் கணக்கு வேண்டாம். சங்கத்துக்கோ கணக்கு வேண்டும். ஆகவே, இவ்வாண்டு தைப்பொங்கலுக்குச் சங்கத்துப் பொதியை வாங்கச் செல்கின்ற ஒவ்வோர் உறுப்பினரும், அடுத்த பொதுக்கூட்டம் எந்த நாள் என்று அங்கேயே கேட்டறிந்து, அன்று தவறாமல் சென்று அமர்ந்து, வரவு செலவு வாசிக்கப்படும்போது காதுகொடுத்துக் கேட்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.